எந்தக் கட்டத்திலும் சேராத பத்து நிமிஷம்

விஜயலட்சுமி டீச்சருக்குப் பொறாமை வந்தால் முதலில் பசி போய்விடும். மற்றவர்களுக்குக் கோபத்தில் போகும், துக்கத்தில் போகும். இவளுக்குப் பொறாமையில்தான் போகும். கூட வேலை பார்த்த டீச்சருக்கு விழாவில் சால்வை போர்த்தினார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, மத்தியானச் சோற்று டப்பா திறக்காமலே வீடு திரும்பியது. தங்கச்சிக்குச் சேலத்தில் மாடி வீடு அமைந்தபோது மூன்று நாள் மோரைக் குடித்தே ஓட்டினாள். இந்த ரகசியம் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். டப்பா கழுவுகிறவளுக்குக்கூடவா தெரியாமல் இருக்கும்?

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவரின் மூத்த மகள் அவள். டீச்சர் ட்ரெயினிங் முடித்த கையோடு வேலையும் கிடைத்து, கச்சிராயபாளையத்தில் ஆறு ஏக்கர் நஞ்சை வைத்திருந்த ராஜாங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம், இரண்டு பிள்ளைகள். டவுன் பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளி அவளுடைய பள்ளிக்கூடம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்துக்குத்தான் எண்பத்தொன்று சென்சஸில் வெண்கல மெடல் கொடுத்தார்கள் என்று அவள் நம்பினாள். மெடலைக் கண்ணாடி போட்டுக் கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டியிருந்தாள். "மேலயா மாட்டுவ?" என்று ராஜாங்கம் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். அப்புறம் கேட்கவில்லை.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். ராஜாங்கத்தின் அக்கா அமிர்தம். இருபத்திரண்டு வயதில் புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல், தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். இப்போது நாற்பத்தைந்து. அதிகம் பேசமாட்டாள். ஊர்க்காரர்கள், "பாவம், தம்பி வச்சிக் காப்பாத்தறான்" என்பார்கள். ராஜாங்கமும் அதை மறுத்ததில்லை.

கதை நடந்தது எண்பத்தெட்டில். அதற்கு முந்தின வருஷம்தான் இடஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கமெல்லாம் சாலை மறியல். ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்து ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. ராஜாங்கமும் மரம் வெட்டினான், ஏழு நாள் ஜெயிலில் இருந்தான், தாடியோடு வந்தான். வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு. "எங்க சனத்த தலதலயா எண்ணு. எத்தினி பேரு, இன்னா வேல, எவ்ளோ நெலம், எல்லாத்தியும் எழுது. எண்ணாதவன் எப்படிப் பங்கு குடுப்பான்?" நியாயமான பேச்சுதான். டீக்கடையில் அதைக் கேட்டுக் கைதட்டாதவர்கள் கிடையாது.

அப்படி எண்ணுகிற வேலை ஒன்று நிஜமாகவே ஊருக்கு வந்தது. ஆனால் ஜாதியை எண்ண அல்ல, பெண்களின் வேலையை எண்ண. உலகம் பூராவும் கணக்கெடுப்பில் பெண்கள் பாதிப் பேரைச் 'சும்மா இருப்பவள்' என்றே எழுதிவிடுகிறார்களாம். அதைத் திருத்த நாலைந்து நாடுகள் கைகோத்திருந்தன. அடுத்த சென்சஸ் வருவதற்குள் எப்படிக் கேட்டால் சரியான பதில் வரும் என்று பார்க்க, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு முன்னோட்டம் நடத்தினார்கள். பணம் ஒரு நாடு, படிவம் ஒரு நாடு, சொல்லிக்கொடுக்க வந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு அம்மாள். லூர்தஸ் என்று பெயர். கள்ளக்குறிச்சியில் ஒரே நாளில் அவர் லூர்து மேடம் ஆகிவிட்டார். நம்மைப்போலவே சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டார், ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

விஜயலட்சுமி உட்படப் பன்னிரண்டு பேருக்கு மூன்று நாள் பயிற்சி. ஆளுக்கு இருபது வீடு. ஒவ்வொரு பெண்ணும் நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடிகிற வரை என்னென்ன செய்தாள் என்று மணிக்கணக்காக எழுத வேண்டும். முடிந்ததும் ஒருவர் எழுதிய வீடுகளை இன்னொருவர் போய் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். யாருடைய வேலை நன்றாக இருக்கிறதோ அவர் பாங்காக் போகலாம். அங்கே பல நாட்டுக்காரர்கள் கூடுகிற கூட்டத்தில், இப்படித்தான் கேட்டேன் என்று சொல்லிக் காட்டலாம். பாங்காக் என்ற சொல்லைக் கேட்டவுடனே விஜயலட்சுமி மனசுக்குள் புடவை எடுத்துவைத்துவிட்டாள். அரக்கு பார்டர் போட்ட மயில்கழுத்துப் பட்டு.

அந்தப் புடவையில் நெருப்பு வைத்தவள் செவ்வந்தி.

கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரி, மலை ஜனம், பால்வாடி டீச்சர். இருபத்தாறு வயது. பத்தாவதுக்கு மேல் படிப்பில்லை, கையெழுத்து கோழி கிண்டின குப்பை. இரண்டாம் நாள் லூர்து மேடம் கேட்டார், கடிகாரமே இல்லாத வீட்டில் மணியை எப்படிக் கேட்பீர்கள் என்று. மெடல் வாங்கிய விஜயலட்சுமி, "உத்தேசமாக எழுதலாம்" என்றாள். செவ்வந்தி மெதுவாக எழுந்து, "எங்க ஊர்ல மொத பஸ் வரும், ஆடு மேய்ச்சலுக்குப் போவும், பால்வாடில புள்ளைங்களுக்கு சோறு போடுவோம். அத்த வச்சித்தான் கேப்பேன். பஸ் வந்தப்ப கையில இன்னா வச்சிருந்தன்னு கேட்டா, டக்குனு சொல்லிடுவாங்க" என்றாள்.

புள்ளியியல் அதிகாரி தீனதயாளன் அதை இங்கிலீஷில் சொன்னார். லூர்து மேடம் எழுந்துவந்து செவ்வந்தியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் எல்லோருடைய படிவத்திலும் ஓரத்தில் ஒரு கட்டம் புதிதாக முளைத்திருந்தது. 'அப்போது கையில் என்ன?' அன்றைக்கு மத்தியானம் சாம்பார் சாதம் போட்டார்கள். விஜயலட்சுமி ஒரு வாய்கூட வைக்கவில்லை.

அன்று முதல் அவளுக்குச் செவ்வந்தியின் எதுவும் பிடிக்கவில்லை. அவள் சிரித்தால் பல் தெரிகிறது என்று தோன்றியது. சிரித்தால் எல்லோருக்கும் பல்தான் தெரியும். 'மலையிலேர்ந்து நேத்து எறங்கினவளுக்கு பாங்காக்கா? மெடல் வாங்கினவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்' என்று உள்ளே உழன்றாள். கணக்கெடுப்பில் தன்னை யாராலும் அசைக்க முடியாது என்று இருந்தவளுக்கு அது ஒன்றுதான் சொந்தச் சொத்து. நிலம் புருஷனுடையது, வீடு மாமனாருடையது.

அந்த வேகத்திலேயே தன் இருபது வீடுகளையும் முடித்தாள். படிவத்தில் அடித்தல் திருத்தல் இல்லை, பார்க்கப் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. கடைசி வீடு அவளுடைய சொந்த வீடு. சொந்த வீட்டில் யாராவது கேள்வி கேட்டு எழுதுவார்களா? பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து எழுதிவிட்டாள். 'அமிர்தம், 45, விதவை. வேலை இல்லை. வீட்டோடு இருக்கிறார்.' ஒரு வரி. ஊரில் அந்தஸ்தான வீட்டுப் பெண்கள் கழனியில் இறங்குவதில்லை என்று பேர். அந்தப் பேரை அவளும் மருமகளாக வந்த நாள் முதல் காப்பாற்றித்தான் வந்தாள்.

சரிபார்க்கும் நாள் வந்தது. சீட்டுக் குலுக்கியதில் விஜயலட்சுமிக்குச் செவ்வந்தியின் வீடுகள், செவ்வந்திக்கு விஜயலட்சுமியின் வீடுகள். தெய்வமே கொண்டுவந்து கையில் கொடுத்தது என்று நினைத்தபடி டீச்சர் மலைக்கு பஸ் ஏறினாள்.

மலையில் குற்றம் கண்டுபிடிக்க முதல் பன்னிரண்டு வீடுகளில் பாடாய்ப் பட்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை. செவ்வந்தி எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. கடுக்காய் பொறுக்கிய நேரம், ஊற்றுக்குப் போன நேரம், மரவள்ளிக்குக் களை கொத்திய நேரம், எதிலும் பிசகில்லை. பதின்மூன்றாவது வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. வீட்டுக்காரி சின்னக்கண்ணு உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். முதுகில் குழந்தை, நெற்றியெல்லாம் தவிடு.

விஜயலட்சுமி புதுக் கேள்விகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பழைய சென்சஸ் கேள்வியைக் கேட்டாள்.

"இன்னாம்மா, வேலைக்கு எதுனா போறியா?"

சின்னக்கண்ணு உலக்கையை நிறுத்தாமலே சொன்னாள். "வேலைக்கா? இல்லீங்களே. வூட்ல சும்மாதான் இருக்கேன்."

விஜயலட்சுமி முத்து முத்தாக எழுதினாள். 'வேலை இல்லை.' மிச்சம் ஏழு வீடுகளிலும் அதையே கேட்டாள், அதையே சொன்னார்கள், அதையே எழுதினாள். அவள் ஒரு பொய்யும் எழுதவில்லை. பொய்யை வரவழைத்து எழுதினாள். கீழே இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு வயிறு நிறைய வேர்க்கடலை தின்றாள்.

கடைசிக் கூட்டம் ஒன்றிய அலுவலக ஹாலில். லூர்து மேடம் ஒவ்வொருவருடைய முதல் படிவத்தையும் மறுபடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார். அவர் பேசப் பேச தீனதயாளன் தமிழில் சொன்னார்.

"மேடம் ஒரு விஷயம் கேக்கறாங்க. எல்லா ஊர்லயும் ரெண்டாவது தடவ கேக்கறப்போ, மொத தடவ உட்டுப்போன வேலை ஒண்ணு ரெண்டு ஜாஸ்தியா வந்திருக்கு. கச்சிராயபாளையத்துலயும் பதினோரு பொம்பளைங்களுக்கு ஜாஸ்தியாயிருக்கு. கரியாலூர்ல மட்டும் எட்டு பொம்பளைங்களுக்கு வேலை காணாமப் போயிருக்கு. ஒரு வாரத்துல எப்படிங்க காணாமப் போவும்?"

விஜயலட்சுமி எழுந்தாள். இதற்குப் பதில் தயாராகவே வைத்திருந்தாள். "சார், மொதல்ல எழுதினவங்க பாங்காக் போறதுக்காக ஜாஸ்தியா எழுதியிருக்கலாம். நான் அவங்க வாயால சொன்னத மட்டும்தான் எழுதினேன். வேணும்னா யாரையாவது அனுப்பிக் கேளுங்க."

செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள். லூர்து மேடம் கோபப்படவில்லை. விஜயலட்சுமி எழுதிய சின்னக்கண்ணுவின் தாளை எடுத்து, ஓரத்துக் கட்டத்தில் விரலை வைத்தார். அது காலியாக இருந்தது.

"அந்தம்மா அப்படிச் சொன்னப்போ, அவங்க கையில இன்னா இருந்துச்சின்னு கேக்கறாங்க" என்றார் தீனதயாளன்.

பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்த வாய். யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது.

"உலக்கை."

ஹாலில் கொல்லென்று சிரித்தார்கள். செவ்வந்தி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் விஜயலட்சுமிக்கு ரொம்ப எரிந்தது. அவளும் சிரித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

செவ்வந்திதான் பாங்காக் என்று முடிவாயிற்று. அங்கே எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஒரு பெண்ணின் ஒரு நாளைப் பெரிய தாளில் எழுதி மாட்டப்போகிறார்களாம். எந்தத் தாள் என்பதையும் லூர்து மேடம் தேர்ந்தெடுத்திருந்தார். கூட்டம் கலைந்து டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது செவ்வந்தி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"டீச்சர், என் எழுத்து யாருக்கும் புரியாது. நீங்க நல்லா எழுதுவீங்களே. இந்தத் தாள எடுத்து எழுதித் தருவீங்களா?"

அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். "என்னைக் கேலி பண்றியா?" என்றாள்.

"அய்யோ, இல்ல டீச்சர். இது உங்க வூட்டுத் தாளு. உங்க அண்ணிது. வேற யாரு கையில குடுக்கறது?"

பஸ்ஸில் உட்கார்ந்துதான் பிரித்துப் பார்த்தாள். தான் ஒரு வரியில் முடித்த அமிர்தம், செவ்வந்தியின் கிறுக்கலில் இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்தாள். முதல் டவுன் பஸ் வருவதற்கு முன் இரண்டு எருமைக்குப் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோனாள். தண்ணீர் தூக்கி, சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மூன்று டப்பா கட்டினாள். எட்டே முக்கால் பஸ் போனதும் கழனிக்குப் போனாள். ரோட்டு வழியாக இல்லை, பின்பக்க வரப்பு வழியாக. தலையில் சோற்றுக்கூடை. 'கையில் என்ன' கட்டத்தில் செவ்வந்தி எழுதியிருந்தாள்: 'கூடையில் சோறு இல்லை. துணிக்குக் கீழே அரிவாள்.' ஆளுகளுக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று ஊர் நினைத்துக்கொள்ள அந்தக் கூடை. கரும்புக்குத் தோகை உரித்தது, களை பிடுங்கியது, புல் அறுத்தது, நெல் அவித்தது. மொத்தம் பதினாறு மணி நேரம்.

அந்தக் கூடையைப் பதினொரு வருஷமாக விஜயலட்சுமிக்குத் தெரியும். துணிக்குக் கீழே என்ன என்பதும் தெரியும். ஆனால் அவளுக்கு முதலில் சுட்டது அது இல்லை. என்னிடம் ஒரு நாளும் நாலு வார்த்தை பேசாத அண்ணி, எங்கிருந்தோ வந்த அவளிடம் இவ்வளவு பேசியிருக்கிறாளே! பொறாமைக்கு மேல் பொறாமை. என்ன செய்வது, அவள் சுபாவம் அப்படி.

பிறகுதான் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'எட்டு நாற்பதிலிருந்து எட்டு ஐம்பது வரை. வாசலில் நிற்கிறார். கையில் ஒன்றும் இல்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.'

வீட்டுக்கு வந்து விளக்கேற்றுகிற நேரத்தில், கூடத்தில் பெரிய தாளை விரித்து எழுத உட்கார்ந்தாள். ராஜாங்கம் எட்டிப் பார்த்தான். கழனி என்ற இடம் வந்ததும் குரல் ஏறியது.

"இன்னா இது? எங்கக்கா கழனில எறங்கி வேல செய்றான்னு ஊரு ஒலகத்துக்கெல்லாம் தண்டோரா போடப் போறியா? மானம் போவுது. அந்த எடத்த உட்டுட்டு எழுது."

"நீங்க எதுக்குங்க ஏழு நாளு ஜெயில்ல இருந்தீங்க?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"தலதலயா எண்ணு, வேலைய எழுதுன்னுதானே மரத்த வெட்டனீங்க. எழுதறேன். கம்முனு இருங்க."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டான். அங்கே போய் எதைப் பற்றிப் பேசினான் என்று தெரியவில்லை.

அமிர்தம் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். விஜயலட்சுமி தட்டைத் தள்ளிவிட்டாள். அந்த வரி வரைக்கும் எழுதியாகிவிட்டது. பேனா அங்கேயே நின்றது.

"அண்ணி, இவ்ளோ கதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களே, எங்கிட்ட ஒரு நாளு சொல்லக் கூடாதா?"

"அவ கேட்டா. நீ கேக்கலியே" என்றாள் அமிர்தம். குறையாகச் சொல்லவில்லை. எருமைக்குத் தவிடு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

விஜயலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முறையாகக் கணக்கெடுக்க வந்தவளைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எட்டு நாப்பதுலேர்ந்து பத்து நிமிஷம் வாசல்ல நிக்கறீங்க. கையில ஒண்ணுமில்ல. அப்ப இன்னா வேல செய்வீங்க?"

அமிர்தம் முந்தானையால் கையைத் துடைத்தாள். சுவரில் மெடல் மாட்டியிருந்த பக்கம் பார்த்தாள்.

"நீ அந்த நேரத்துக்குத்தான பைய மாட்டிக்கினு, குடைய எடுத்துக்கினு பஸ்சுக்குப் போவ. ரோட்டு வழியா, எல்லார் எதிர்லயும். கண்டக்டர் டீச்சரம்மா ஏறிக்கட்டும்னு வண்டிய நிறுத்துவான். அத்தப் பாத்துக்கினு நிப்பேன்."

"எதுக்கு அண்ணி?"

"வயிறு எரியும். பதினோரு வருசமா டெய்லி பத்து நிமிசம். எரிஞ்சி முடிஞ்சதும் கூடைய எடுத்துக்கினு போவேன்."

தன்னைப் பார்த்து இந்த உலகத்தில் ஒருத்திக்கு வயிறு எரியும் என்பது விஜயலட்சுமியின் கணக்கில் வந்ததே இல்லை. பேனா மூடியைத் திருகினாள், திறந்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் கேட்டிராத இன்னொரு கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க சாப்ட்டீங்களா அண்ணி?"

விஜயலட்சுமி தள்ளிவிட்ட தட்டை அமிர்தம் எடுத்து மறுபடி அவள் முன்னால் நகர்த்தினாள்.

"நான் அப்பவே சாப்ட்டேன். பொறாம வந்தா உனக்குத்தான் பசி போயிடுது. எனக்கு அப்பிடி முடியாது, வேல செய்யணுமில்ல?"